வாசலுக்கு வரும் ஆகாரம்



2020-ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். கொச்சியில் வைட்டிலா சந்திப்பு என்றாலே வாகன இரைச்சல்தான். தேசிய நெடுஞ்சாலையும் நகருக்குள் செல்லும் சாலைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்கும் இடம் அது. மேம்பாலப் பணி அப்போது முடிந்திருக்கவில்லை. 2021 ஜனவரி 9-ஆம் தேதிதான் பாலம் திறக்கப்பட்டது. 2020 மார்ச் 24 நள்ளிரவில் நாடெங்கும் பொதுமுடக்கம் தொடங்கியபின், அந்தச் சந்திப்பில் காகம் கரைவதும் காதில் விழுந்தது. மொபிலிட்டி ஹப்பில் பேருந்துகள் நின்றுபோயின. திருநெல்வேலியிலிருந்தும் தேனியிலிருந்தும் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் பிழைப்புக்காக வந்து, சந்துகளுக்குள் ஒற்றை அறையில் குடியிருந்த நம்மவர் பலருக்கு அடுப்பே கிடையாது. ஹோட்டலே அவர்களுடைய சமையலறை. அங்கே உட்கார்ந்து உண்ண அனுமதி இல்லாமற்போகவே, பார்சல் ஒன்றே வழியாயிற்று.

அந்நாட்களில் கேரளத்தின் உள்ளாட்சி அமைப்புகள் குடும்பஸ்ரீ பெண்களின் துணையோடு சமூக அடுக்களைகளைத் திறந்தன. கையில் பணமில்லாதவர்களுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்கு 20 ரூபாய்க்கும் சாப்பாட்டுப் பொதி கிடைத்தது. அதை வாங்கி உண்டு அந்த மாதங்களைக் கடந்தவர்கள் நம்முடைய சபைகளிலும் உண்டு. பசியாற்றிய அந்தக் கைகளை நாம் மறக்கலாகாது.

பசி ஒரு பக்கம், பயம் மறுபக்கம். 2020 மார்ச் 28 அன்று, கேரளத்தின் முதல் கொரோனா மரணம் களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் நிகழ்ந்தது. இறந்தவர் மட்டாஞ்சேரியைச் சேர்ந்த 69 வயது முதியவர். வைட்டிலாவிலிருந்து மட்டாஞ்சேரி அப்படியொன்றும் தூரமில்லை. நோய் எங்கோ சீனத்தில் இருக்கிறது, இத்தாலியில் இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், அது நம்முடைய படகுத்துறைக்கே வந்துவிட்டது என்று அறிந்தபோது கலங்கிப்போனார்கள். அதன்பின் வாசலில் வந்து இறங்கிய ஒவ்வொரு பொட்டலமும் ஒரு சர்ப்பத்தைப்போலப் பார்க்கப்பட்டது.

நாம் என்னவெல்லாம் செய்தோம் என்று சற்று எண்ணிப் பாருங்கள். பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவினோம். பார்சல் பையை வெயிலில் இரண்டு மணி நேரம் காயவைத்தோம். தக்காளியை நுரையில் குளிப்பாட்டினோம். பொட்டலத்தின்மேல் சானிடைசரைத் தெளித்துத் துடைத்துவிட்டு, அந்த ஈரம் உலரும் முன்னே அதைப் பிரித்தோம். இப்படிச் செய்தவர்களை நகைப்பதற்காக இதை எழுதவில்லை. அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இன்று தெரியும். தெரிந்ததைக் கொண்டு நம் வீட்டுப் பழக்கத்தைச் சரிசெய்துகொள்வது அவசியம். ஏனெனில் அந்த நோய்க்காலம் போனபின்னும் பார்சல் வாங்கும் பழக்கம் நம்மோடு தங்கிவிட்டது. கொள்ளைநோயும் உலகத்தைவிட்டு ஒரேயடியாகப் போய்விடவில்லை.

உறையைக் குறித்த பயம்

அந்தப் பயத்திற்கு ஒரு காரணம் இருந்தது. 2020 மார்ச் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. கொரோனா கிருமி அட்டைப் பெட்டியின்மேல் 24 மணி நேரம் வரையிலும், பிளாஸ்டிக்கின் மேலும் எஃகின் மேலும் 72 மணி நேரம் வரையிலும் கண்டறியப்படலாம் என்பது அதன் சாரம். செய்தித்தாள்கள் 72 மணி நேரம் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டன. ஆனால் அதே ஆராய்ச்சியில், பிளாஸ்டிக்கின்மேல் ஏறக்குறைய 7 மணி நேரத்துக்கு ஒருமுறை உயிருள்ள கிருமியின் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே போனதும் இருந்தது. அதைக் கவனித்தவர்கள் சிலரே.

அதே ஆண்டு ஜூலையில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மன் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் எழுதினார். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளின்மேல் இடப்பட்ட கிருமியின் அளவு, நோயாளி ஒருவர் இருமும்போது வந்து படியக்கூடிய அளவைக் காட்டிலும் மிக அதிகம் என்றும், பொருள்களைத் தொடுவதால் வரும் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் தன் கணக்கை வெளியிட்டது: மாசுபட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் தொற்று உண்டாகும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு. உணவின் வழியாகவோ அதன் உறையின் வழியாகவோ இந்நோய் பரவுவதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் கூறியது.

தில்லியில் நடந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 2020 ஏப்ரல் நடுவில் மாளவியா நகர்ப் பகுதியில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்த வாலிபர் ஒருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. அவரிடம் உணவு வாங்கிய 72 குடும்பங்கள் வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டன. நாடே நடுங்கிற்று. அவரோடு நெருங்கிப் பழகிய 16 பேரைச் சோதித்தபோது ஒருவருக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. முதல் செய்தி ஊரெல்லாம் பரவியதுபோல இரண்டாம் செய்தி பரவவில்லை. விளைவு என்னவென்றால், உணவு கொண்டுவரும் பிள்ளைகளை மக்கள் தீண்டத்தகாதவரைப்போல நடத்தினார்கள். மாடியிலிருந்து கயிறு கட்டி வாளி இறக்கினவர்கள் உண்டு. தண்ணீர் கேட்டவனுக்குக் கதவைச் சாத்தினவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

அப்படியானால் பொட்டலம் வாங்கும்போது ஆபத்தே இல்லையா? இருந்தது. அது பொட்டலத்தில் அல்ல, இருவர் முகத்துக்கு முகம் நின்று பேசும் அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது. அதைவிட அதிகமாக, கடையின் முன்னால் நெருக்கியடித்து நின்ற கூட்டத்தில் இருந்தது. அந்தக் கிருமி மூச்சுக்காற்றின் வழியாய்ப் பரவுவது. எனவே முன்கூட்டியே பணத்தைச் செலுத்திவிடுவதும், முகக்கவசம் அணிந்து வாங்குவதும், வாசலில் வைக்கச் சொல்லி அன்பாய் நன்றி கூறுவதும் போதுமானவையாக இருந்தன. இன்னொரு கொள்ளைநோய் மூச்சின் வழியாய் வருமானால் அப்போதும் இவையே உதவும்.

வாங்கி வந்தபின் நடந்ததுதான் மெய்யான ஆபத்து. சுவாசத்தால் பரவும் நோய் ஊரில் இருக்கும்போது, ஒரு பக்கெட் பிரியாணியைச் சுற்றி ஜன்னல் சாத்திய அறையில் எட்டுப் பேர் முகக்கவசம் கழற்றி அமர்ந்து, ஒரு மணி நேரம் பேசிச் சிரித்து உண்பது எப்படிப்பட்டது? பையைச் சானிடைசரால் துடைத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அதைச் செய்தோம். லாட்ஜ் அறைகளில் தங்கிய வாலிபர்கள் இதை நன்றாய் அறிவார்கள். அவரவர் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, இடம்விட்டு அமர்ந்து உண்டிருந்தால் பொட்டலத்தைக் கழுவியதைவிட நூறு மடங்கு பயன் கிடைத்திருக்கும்.

உணவைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவுவது எக்காலத்திலும் கூடாது. வயிற்றுக்குள் போகும் சோப்பு வாந்தியையும் பேதியையும் உண்டாக்கும். பழம், காய்கறிகளைக் குடிக்கத்தக்க சுத்தமான நீரில் நன்றாய்க் கழுவினால் போதும் என்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அக்காலத்தில் அறிவுறுத்தியது.

கையைக் கழுவுவது மட்டும் அன்றும் இன்றும் மாறாதது. பொட்டலத்தைப் பிரித்து, உணவை உங்கள் வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்றி, உறையை அப்புறப்படுத்தியபின் சோப்பும் நீரும் கொண்டு 20 விநாடி கழுவுங்கள், அதன்பின் உண்ணுங்கள். சானிடைசர் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். 2023 ஜனவரியில் வைட்டிலாவுக்கு அடுத்த காக்கநாட்டில் ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டபோது, அது நோரோ என்னும் வைரஸால் வந்தது என்று சோதனை காட்டியது. உணவாலும் நீராலும் கையாலும் பரவும் அந்தக் கிருமியைச் சாராயம் கலந்த சானிடைசர் சரியாய் அழிப்பதில்லை. சோப்பும் ஓடும் நீரும் அதைக் கையிலிருந்து அகற்றிவிடும்.

உள்ளே இருக்கும் உணவு

வாசகரே, இனி முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். கொரோனா வைரஸ் உணவில் பெருகாது. வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள செல் வேண்டும். வெந்த கோழியில் அது கிடையாது. ஆனால் பாக்டீரியாக்கள் அப்படியல்ல. சோறும் கறியும் முட்டையும் அவற்றுக்கு விருந்து. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு வளரும் காலம். கொச்சியின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் பார்சல் உணவு ஆறிக்கொண்டிருக்கும்போது, தோதான நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அவை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். வெளி உறையைத் துடைப்பதற்குப் பத்து நிமிடம் செலவிட்ட நாம், உள்ளே இருந்த பிரியாணியை மாலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மேசைமேல் வைத்திருந்தோம்.

இது வெறும் கணக்கு அல்ல. 2022 மே 1 அன்று காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்டு நோயுற்ற 16 வயது மாணவி மரித்தாள். அவளோடு பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஷிகெல்லா என்னும் கிருமி நோயாளிகளிடத்தில் கண்டறியப்பட்டது. 2023 ஜனவரியில் கோட்டயத்தில் ஹோட்டல் உணவை வாங்கி உண்ட செவிலியர் ஒருவர் நோயுற்று இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நம்முடைய நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஷவர்மா உண்டபின் இறந்துபோனாள். அக்டோபரில் காக்கநாட்டில் பணிபுரிந்த இளைஞர் ஒருவர், ஷவர்மா பார்சல் உண்டு நோயுற்றுச் சில நாட்களில் இறந்தார். கொள்ளைநோய்க்குத் தப்பின பிள்ளைகள் ஒரு பொட்டலத்துக்குத் தப்பவில்லையே என்று அந்தச் செய்திகளை வாசித்தபோது நெஞ்சு கனத்தது.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. 2022-இல் ஷவர்மாவுக்கென்று தனி விதிமுறைகளை வெளியிட்டது. பார்சலின்மேல் தயாரித்த தேதியும் நேரமும் இருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும் என்றது. 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தடை வந்தது. அதே மாதம், எல்லா உணவுப் பார்சலின்மேலும் தயாரித்த தேதி, நேரம், எத்தனை மணிக்குள் உண்ண வேண்டும் என்னும் விவரம் அடங்கிய சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. சூடாக விற்கப்படும் எளிதில் கெடும் உணவுகளை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும், அவற்றை இரண்டு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பதும் அதில் அடங்கும். தமிழ்நாடும் 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடைசெய்தது.

சட்டம் அவ்வளவுதான் செய்யும். சீட்டு ஒட்டாத கடையில் "எப்போது செய்தது?" என்று கேட்கிற நாவு நமக்கு வேண்டும். அயலூரில் பிழைக்க வந்த நம்மவருக்கு இதில் ஒரு கூச்சம். மலையாளம் சரியாய் வராது, கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று தயங்கி, கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறோம். "எப்போழா உண்டாக்கியது?" என்று கேட்டால் போதும். அந்த இரண்டு சொல்லைக் கற்றுக்கொள்வது கடினமல்ல. இரண்டு மணி நேரம் என்பது நீங்கள் வாங்கிய நேரத்திலிருந்து அல்ல, அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. கடையில் முக்கால் மணி, வைட்டிலாவின் நெரிசலில் அரை மணி போய்விட்டால், உங்கள் வீட்டு மேசையில் மிஞ்சுவது முக்கால் மணிதான்.

உபவாச ஜெபமும் பிரியாணிப் பொட்டலமும்

சபைகளில் நடக்கும் ஒரு காரியத்தை இங்கே எழுதத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். முடிவில் அனைவருக்கும் பிரியாணி. சமையற்காரர் விடியற்காலம் ஐந்து மணிக்கே அடுப்பு மூட்டி, ஒன்பது மணிக்கு இறக்கி, பத்து மணிக்கு நூறு பொட்டலமாய்க் கட்டி அனுப்பிவிடுகிறார். சபைக் கூடத்தின் பின்னறையில் அவை அடுக்கி வைக்கப்படுகின்றன. ஆராதனை எழுப்புதலாய் நடக்கிறது, செய்தி நீளுகிறது, ஜெபக்குறிப்புகள் தொடருகின்றன. பொட்டலம் பிரிக்கப்படும்போது மணி இரண்டரை. வெறும் வயிற்றோடு இருந்த முதியோரும், தாய்மார் மடியிலிருந்து இறங்கிய பிள்ளைகளும் ஐந்தரை மணி நேரத்துக்கு முந்தின சோற்றை உண்கிறார்கள்.

பெரிய அண்டாவில் மூடி போட்டுத் தம்மில் இருக்கும் பிரியாணி நெடுநேரம் கொதிசூட்டில் இருக்கும்; அதில் கிருமி வளராது. அதையே சிறு பொட்டலங்களாக்கினால் சீக்கிரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். அந்த வெதுவெதுப்புத்தான் கிருமிக்குப் பிரியமான சூடு. ஆகவே உணவை அண்டாவோடே வரவழைத்து, உண்ணும் வேளையில் அங்கேயே பரிமாறுங்கள். இறக்கும் நேரத்தைப் பன்னிரண்டரைக்கு வைக்கும்படி சமையற்காரரிடம் சொல்லுங்கள். தயிர்ப் பச்சடியைக் குளிர்பெட்டியில் தனியாய் வையுங்கள். போதகர்மாரும் செய்தியின் நீளத்தைச் சற்று எண்ணிப் பார்த்தால் சபையார் மனதார ஸ்தோத்திரம் சொல்வார்கள்!

"ஸ்தோத்திரம் பண்ணிச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. ஸ்தோத்திரத்தோடு உண்பது நம்முடைய வழக்கம். அதை ஒருநாளும் விடவேண்டியதில்லை. ஆனால் வானத்திலிருந்து தேவனே கொடுத்த மன்னாவையும் கட்டளையை மீறி மறுநாளைக்கு வைத்தபோது அது புழுத்துப்போயிற்று என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். கடையில் வாங்கின குழிமந்திக்கு அதைவிட மேலான உறுதி எங்கே இருக்கிறது?

பாட்டிமார் அறிந்தது

பார்சல் என்னும் சொல் வருமுன்னே நம் ஊர்களில் கட்டுச்சோறு இருந்தது. திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் போனவர்கள் எதைக் கட்டிக்கொண்டு போனார்கள்? புளியோதரை. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி. தேங்காய்ச் சட்னியை ஒருவரும் கட்டவில்லை. பருப்புச் சாம்பாரைக் கட்டவில்லை. புளியின் புளிப்பு கிருமியை அடக்கும். எண்ணெயில் நன்றாய் வதங்கிய புளிக்காய்ச்சலில் ஈரம் குறைவு. அமிலம், ஈரம் என்ற பெயர்களெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. எது மாலைவரை தாங்கும், எது மத்தியானத்துக்கே நூல்விடும் என்று தெரிந்திருந்தது.

இன்று வைட்டிலா ஹப்பில் இரவுப் பேருந்துக்கு நிற்பவர்களின் கையைப் பாருங்கள். எட்டு மணிக்கு வாங்கின பொரித்த சோறு, மயோனைஸ் டப்பாவோடு கோழி, பதினொரு மணிக்குப் பேருந்தில் விளக்கணைந்தபின் பிரிக்கப்படுகிறது. பயணத்துக்கு வாங்கினால் சப்பாத்தி, பரோட்டா, உலர்ந்த பொரியல், பழம், பன் போன்றவற்றை வாங்குங்கள். குழம்பு வேண்டுமானால் பேருந்து ஏறுமுன்னே உண்டுவிடுங்கள். மயோனைஸை ஹப்பிலேயே விட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்று கேட்பீர்கள்: பழைய சோற்றை இரவு முழுதும் வைத்துத்தானே உண்கிறோம்? அது வேறு. நீர் ஊற்றி மூடிவைத்த சோறு புளித்து அமிலமாகிறது. அந்தப் புளிப்பு தீய கிருமிகளை அடக்குகிறது. மேசைமேல் மறந்துபோன பொரித்த சோற்றில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் வெந்தபின்னும் உயிரோடிருக்கும். சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடியும் சூடாக்கினாலும் அழியாது. "நன்றாய்க் கொதிக்க வைத்துவிட்டேனே" என்னும் சாட்சி இங்கே செல்லாது.

மீந்ததை வைத்துக்கொள்ள வேண்டுமானால் உண்டபின் அல்ல, உண்ணுமுன்னே பிரியுங்கள். பொட்டலம் வந்தவுடன், நால்வருக்கு வேண்டியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு, மீதியை அகலமான ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, மூடி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஆழமான பாத்திரத்தில் குவித்து வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் சூடு குறையாமல் இருக்கும். சூடான பாத்திரம் பெட்டியைக் கெடுத்துவிடும் என்று இரவுவரை வெளியே வைப்பது தவறு. அரை மணி ஆறினால் போதும். சோறானால் மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள். குழம்பையும் கறியையும் கொதித்து ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவ் உள்ளவர்கள் நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஓரம் கொதிக்கும்போது நடு குளிர்ந்தே கிடக்கும். ஒருமுறை சூடாக்கியதில் மீந்தது மறுபடியும் பெட்டிக்குள் போகக்கூடாது. மழைக்காலத்தில் மின்சாரம் பல மணி நேரம் போனால், கறியும் பாலும் முட்டையும் சேர்ந்தவற்றைக் கொட்டிவிடுவதே நலம். காசு போயிற்றே என்று மனம் அடித்துக்கொள்ளும். மருத்துவமனையில் ஒரு நாள் தங்குவதற்கு என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள்.

முகர்ந்து பார்த்துத் தீர்மானிப்பது நம் வீடுகளில் பழக்கம். கெட்ட வாடை வந்தால் எறிவது சரி. ஆனால் வாடை இல்லாததால் நல்லது என்று எண்ணுவது சரியல்ல. சால்மோனெல்லா பெருகின கோழிக்கு மணமும் ருசியும் மாறாமல் இருக்கலாம்.

உறையைக் குறித்தும் இரண்டு வார்த்தை. செய்தித்தாளில் வடையையும் பஜ்ஜியையும் மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அச்சு மையில் உள்ள இரசாயனங்கள் எண்ணெயோடு உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது. கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பாலிதீன் பையில் கட்டித் தருவதும் அப்படியே. ஒரு தூக்குச்சட்டியை உடன் கொண்டுபோங்கள். முன்னே நம் ஊரில் எல்லோரும் தூக்குச்சட்டியோடுதானே கடைக்குப் போனார்கள்? வந்து சேர்ந்த பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவைத்து ஹரித கர்ம சேனையாரிடம் கொடுங்கள், கொல்லையில் கொளுத்தாதீர்கள். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து, பத்து நாட்களுக்கும் மேலாக நகரத்தைப் புகை மூடியதை வைட்டிலாவில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். அன்று நாம் மூச்சில் இழுத்த புகையில் நாம் எறிந்த பார்சல் டப்பாக்களும் இருந்தன.

நோய் கண்டால்

உண்ட சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாட்களுக்குள்ளோ வாந்தியும் பேதியும் தொடங்கலாம். முதல் காரியம் இழந்த நீரை ஈடுசெய்வது. மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொடி கிடைக்கும். கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறின ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாய்க் கொடுங்கள். உப்பைக் கூட்டிவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு அது ஆபத்து. பேதியை நிறுத்தும் மாத்திரையையும், முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கையும் நீங்களாகவே கொடுக்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், கடுமையான காய்ச்சல், குடித்த நீரும் தங்காத வாந்தி, ஆறு மணி நேரத்துக்கும் மேலாகச் சிறுநீர் இல்லாமை, குழி விழுந்த கண், மயக்கம் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்கக்கூடாது. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியோர், சர்க்கரை வியாதி உள்ளவர்கள் என்றால் இவை தோன்றும்வரையும் காத்திருக்க வேண்டாம். காலைவரை பார்ப்போம் என்றிருந்து கெட்டவர்கள் அநேகர். ஜெபியுங்கள், ஆட்டோவில் ஏறி அமர்ந்தபின்னும் ஜெபிக்கலாம். உறவினர் இல்லாத ஊரில், இரவு இரண்டு மணிக்கு யாரை எழுப்புவது என்ற தயக்கம் நமக்கு உண்டு. 108 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். எங்கே கொண்டுபோவது என்று தெரியாவிட்டால் கேரள சுகாதாரத் துறையின் திஷா உதவி எண்ணான 1056-ஐ அழைத்துக் கேளுங்கள். லாட்ஜில் தனியாய்த் தங்கும் வாலிபர்களின் தொலைபேசி எண்களைச் சபை மூப்பர்கள் எழுதி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருவன் வராவிட்டால் அன்றே விசாரிப்பது நல்லது. அறையில் தனியாய்ப் பேதியாகிக் கிடப்பவனுக்கு ஒரு சொம்பு உப்புச் சர்க்கரை நீர் கலந்து கொடுக்க ஒருவர் வேண்டும்.

நோய்க்குக் காரணம் பார்சல் உணவு என்று தோன்றினால், மீந்ததைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பிள்ளைகள் எடுத்து உண்டுவிடாதபடி மேலே எழுதி ஒட்டுங்கள். கடையின் பில், பொட்டலத்தின்மேல் இருந்த சீட்டு, ஆன்லைனில் வாங்கியிருந்தால் தொலைபேசியில் வந்த செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், எத்தனை மணிக்கு உண்டீர்கள், உண்டவர் எத்தனை பேர், நோயுற்றவர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் 1800 425 1125 என்ற கட்டணமில்லா எண்ணில் முறையிடுங்கள். தமிழில் பேசினாலும் விளங்கிக்கொள்வார்கள், தயங்க வேண்டாம். அதே கடையில் அதே வேளையில் வாங்கிச் சென்ற வேறொரு வீட்டின் பொட்டலம் இன்னும் பிரிக்கப்படாமல் மேசைமேல் இருக்கக்கூடும்.